"ஸ்கேன் எடுக்கலையா டாக்டர்?"

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு கெடாமல், படிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

நான் சென்னையில ஒரு மருத்துவமனையில, குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை பாக்குற டாக்டர். இந்த எபிசோடுக்குத் தலைப்பு என்னன்னு கேட்டாங்க. நைட் டூட்டியில எந்தக் கேள்வியை அதிகமா கேக்குறேனோ அதையே கொடுத்துட்டேன்: "ஸ்கேன் எடுக்கலையா டாக்டர்?"

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல பல பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. "குழந்தைக்கு அடிபடுறதைப் பத்தி எனக்கெதுக்கு?"ன்னு தோணலாம். ஆனா அக்கா குழந்தை ராத்திரி கட்டில்ல இருந்து விழுந்தா முதல் போன் யாருக்கு வரும்? கார் எடுக்குற மாமாவுக்கு. கூகுள் பண்ணத் தெரிஞ்ச சித்திக்கு. எங்க வார்டுல இது தினமும் நடக்குற காட்சி. அம்மா அழுதுட்டிருப்பாங்க, அப்பா பில் கவுன்ட்டர்ல நிப்பார், நாங்க சொல்றதை நிதானமா காதுல வாங்குற ஒரே ஆள் அந்தச் சித்தியா இருப்பாங்க. இந்தப் பேச்சு அவங்களுக்குத்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். குழந்தை உள்ள வந்ததும் நாங்க பாக்குறது வீக்கத்தை இல்ல. வீக்கம் எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்கும், பாக்கவே வயித்தைக் கலக்கும். ஆனா அது மண்டை ஓட்டுக்கு வெளியில, தோலுக்கு அடியில நடக்கிற விஷயம். தலைத்தோல்ல ரத்தக் குழாய் நிறைய, அதனால சின்ன அடிக்கும் பெருசா புடைக்கும். எங்களோட கவலை உள்ள இருக்கிற மூளையைப் பத்தி. அது எப்படி இருக்குன்னு வெளியில காட்டுறது குழந்தையோட நடத்தைதான்.

அதனால மூச்சு, நாடி, கழுத்து மூணையும் சட்டுனு பாத்துட்டு, அடுத்து குழந்தை எப்படி முழிச்சிருக்குன்னு பாப்போம். இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு, கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 1974-ல் கிளாஸ்கோ நகரத்துல டீஸ்டேல், ஜென்னெட்னு ரெண்டு டாக்டர்கள் உருவாக்கினது. கண்ணைத் திறக்கிறது, பேசுறது, கை கால் அசைவு, இந்த மூணுக்கும் மார்க். முழு மார்க் 15, குறைஞ்சது 3. பேச்சு வராத கைக்குழந்தைக்குத் தனியா ஒரு வடிவம் உண்டு: சிரிக்குதா, அழுதா சமாதானம் ஆகுதா, இல்ல முனகிட்டே இருக்கா. காகிதத்துல இது பெரிய அட்டவணை. நடைமுறையில, என் கழுத்துல தொங்குற ஐடி கார்டை எட்டிப் பிடிச்சு வாயில வைக்கப் பாக்குற குழந்தை எனக்குப் பாதி நிம்மதியைக் கொடுத்துடும்.

அப்புறம் விரலால தலை முழுக்கத் தடவிப் பாப்போம். வீக்கம் எங்க இருக்குங்கிறது அது எவ்வளவு பெருசுங்கிறதை விட முக்கியம். நெத்தியில புடைச்சிருந்தா, மத்ததெல்லாம் சரியா இருக்கிற பட்சத்துல, பெரும்பாலும் கவலை கம்மி. ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குக் காதுக்கு மேல, பக்கவாட்டுல, பின்னந்தலையில மெத்துமெத்துன்னு வீங்கியிருந்தா நாங்க உஷாராயிடுவோம். அங்க எலும்பு மெலிசு, விரிசல் விட வாய்ப்பு அதிகம். காது, மூக்கு வழியா தண்ணி மாதிரி ஏதாவது வடியுதா, காதுக்குப் பின்னாடி கன்னிப்போயிருக்கா, கண்ணைச் சுத்திக் கறுத்திருக்கான்னு பாப்போம். இதெல்லாம் மண்டையோட அடித்தளத்துல எலும்பு உடைஞ்சிருக்கலாம்ங்கிறதுக்கு அடையாளம்.

கேள்விகளும் நிறைய கேப்போம். எவ்வளவு உயரம்? தரை டைல்ஸா, மண்ணா? விழுந்த உடனே அழுததா, இல்ல கொஞ்ச நேரம் அப்படியே கிடந்ததா? பாத்தது யாரு? இதையே நர்ஸ் ஒரு தடவை, டூட்டி டாக்டர் ஒரு தடவை, நான் ஒரு தடவை கேப்போம். சில அப்பாக்களுக்குக் கோபம் வரும், "எத்தனை தடவைங்க சொல்றது?"ன்னு. பதற்றத்துல இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது விவரம் ஞாபகம் வரும், அதுக்காகத்தான். இன்னொரு காரணமும் உண்டு, மறைக்கல. சில குழந்தைகளுக்கு அடி தானா படுறதில்ல. சொல்ற கதைக்கும் காயத்துக்கும் பொருந்தலைன்னா, முக்கியமா இன்னும் குப்புற விழவே ஆரம்பிக்காத பச்சைக் குழந்தையா இருந்தா, நாங்க கண்ணுக்குள்ள பாப்போம், உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுப்போம், சட்டப்படி தகவல் கொடுக்க வேண்டியவங்களுக்குக் கொடுப்போம். கேக்குற கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான், அதைச் சந்தேகமா எடுத்துக்காதீங்க.

சரி, இப்ப ஸ்கேனுக்கு வருவோம்.

தலையில அடிபட்டா சிடி ஸ்கேன்னு மக்கள் மனசுல பதிஞ்சுபோச்சு. தப்பு சொல்லவும் முடியாது, மூளைக்குள்ள ரத்தக் கசிவு இருக்கான்னு வேகமா காட்டுறதுல சிடியை அடிச்சுக்க ஆள் இல்ல. கேள்வி என்னன்னா, விழுற எல்லாக் குழந்தைக்கும் அது வேணுமா? இதுக்கு விடை தேடி அமெரிக்காவுல 25 மருத்துவமனைகளோட அவசர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செஞ்சாங்க. பெக்கார்ன்னு அந்தக் கூட்டமைப்புக்குப் பேர். நேதன் குப்பர்மன் தலைமையில 2009-ல் லான்செட் இதழ்ல வந்தது. தலையில அடிபட்டு வந்த, ஆனா முழிப்பா இருந்த, அதாவது கிளாஸ்கோ மார்க் 14 அல்லது 15 இருந்த 42,412 குழந்தைகளை அலசினாங்க.

அந்தக் கணக்கை மெதுவா சொல்றேன், கேளுங்க. அத்தனை பேர்ல கவலைப்படுற அளவுக்கு மூளைக் காயம் இருந்தது 376 பேருக்கு. நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு. ஆனா சிடி எடுத்தது? 14,969 பேருக்கு. மூணுல ஒரு பங்குக்கும் மேல.

அந்தத் தரவுல இருந்து அவங்க ரெண்டு பட்டியல் போட்டாங்க. ரெண்டு வயசுக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. சின்னக் குழந்தைக்கு ஆறு விஷயம் பாக்கணும்: நினைவுல மாற்றம், கைக்குத் தட்டுப்படுற எலும்பு முறிவு, நெத்தி தவிர வேற இடத்துல வீக்கம், 5 நொடி அல்லது அதுக்கு மேல நினைவு தப்பினது, மோசமான விபத்து அல்லது 3 அடிக்கு மேல இருந்து விழுந்தது. ஆறாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: "குழந்தை வழக்கம்போல இல்ல"ன்னு பெத்தவங்க சொல்றது. ஆமா, "இவ இப்படி இருக்கமாட்டா டாக்டர்"னு ஒரு அம்மா சொல்றது அந்தப் பட்டியல்ல எலும்பு முறிவோட ஒரே வரிசையில உட்கார்ந்திருக்கு. ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பாத்து எடுத்த முடிவு இது, பெத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு சேர்த்ததில்ல.

ரெண்டு வயசுக்கு மேலன்னா பட்டியல் கொஞ்சம் மாறும். நினைவு தப்பினதா, வாந்தி எடுத்ததா, தலைவலி கடுமையா இருக்கா, மண்டையோட அடித்தளம் உடைஞ்ச அடையாளம் இருக்கான்னு பாப்போம். உயரக் கணக்கும் 5 அடியாகும். இதுல எதுவுமே இல்லைன்னா கவலைப்படுற காயம் இருக்கிற வாய்ப்பு ரெண்டாயிரத்துல ஒண்ணு, அதுக்கும் கீழ. அந்தக் குழந்தைக்கு சிடி வேண்டாம். நினைவுலயே மாற்றம் இருந்தாலோ, எலும்பு உடைஞ்ச அடையாளம் இருந்தாலோ வாய்ப்பு நூத்துக்கு நாலுக்கு மேல போயிடும். அங்க யோசிக்கவே கூடாது, உடனே சிடி. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கூட்டம் இருக்கு. ரெண்டு தடவை வாந்தி எடுத்த பையன், சில நொடி கண்ணைச் சொருகின பொண்ணு. இவங்களுக்குத்தான் "கொஞ்ச நேரம் வெச்சுப் பாப்போம்"னு சொல்வோம்.

"எடுத்துட்டா என்ன டாக்டர், காசுதானே, நாங்க கட்டுறோம்"னு கேப்பாங்க. காசு இல்ல பிரச்சினை. சிடி எக்ஸ்-கதிர்ல வேலை செய்யுது, வளர்ற மூளைக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் அது பிடிக்காது. 2012-ல் பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வு, சின்ன வயசுல சிடி எடுத்த சுமார் 1,80,000 பேரைப் பின்தொடர்ந்தது. பத்து வயசுக்குள்ள தலை சிடி எடுத்த 10,000 குழந்தைகள்ல, அடுத்த பத்து வருஷத்துல கூடுதலா ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம்னு கணக்குச் சொன்னாங்க. ரொம்பச் சின்ன எண்தான். வேணும்ங்கிற இடத்துல ஒரு நொடி கூட இதை நினைச்சுத் தயங்க மாட்டோம், நீங்களும் தயங்காதீங்க. ஆனா தேவையே இல்லாத குழந்தைக்கு, பெரியவங்க மன நிம்மதிக்காக அந்தச் சின்ன எண்ணைக் கூட ஏன் கொடுக்கணும்? சொல்லப்போனா, பெத்தவங்க மட்டும் இதுக்குக் காரணம் இல்ல. "எடுத்துட்டா எனக்குச் சிக்கல் இல்ல"ன்னு நினைக்கிற டாக்டர்களும் இருக்கோம். ஸ்கேன் எழுத ஒரு நிமிஷம் போதும், எழுதாம இருக்க அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கணும்.

பெக்கார்ன் நம்ம ஊர்ல நடந்த ஆய்வு இல்லைங்கிறதும் எங்களுக்குத் தெரியும். அதனால கண்ணை மூடிட்டு அப்படியே செய்றதில்ல. வீடு ரெண்டு மணி நேரத் தூரம், ராத்திரி வண்டி கிடைக்காது, வீட்டுல பாட்டி மட்டும்தான்னா அந்தக் குழந்தையைக் கூடுதலா வெச்சிருப்போம். மூணு மாசத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைன்னா சந்தேகத்தோட பலனை ஸ்கேனுக்கே கொடுப்போம்.

இந்த "வெச்சுப் பாக்குறது" இருக்கே, அதைத்தான் ஆஸ்பத்திரி எதுவும் செய்யலைன்னு மக்கள் நினைச்சுக்கிறாங்க. டிரிப் இல்ல, ஊசி இல்ல, ஒரு பெட்டுல சும்மா உட்கார வெச்சிருக்காங்கன்னு. ஆனா அந்த நாலு மணி நேரம், ஆறு மணி நேரத்துல என்ன நடக்குது? முதல்ல அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாப்பாங்க, கண்ணுல டார்ச் அடிப்பாங்க, கையைப் பிடிச்சு அழுத்தச் சொல்வாங்க, நாடி, ரத்த அழுத்தம் எழுதுவாங்க. ஒவ்வொரு தடவையும் எழுதுற எண் அதுல தனியா பெருசா ஒண்ணும் சொல்லாது. முந்தினதோட ஒப்பிட்டாத்தான் விஷயம். கிளாஸ்கோ 15-ல இருந்து 14 ஆச்சா? நாடி மெதுவாகி, ரத்த அழுத்தம் ஏறுதா? ஒரு கருவிழி மட்டும் பெருசாகுதா? ஸ்கேன் ஒரு போட்டோதான், எடுத்த அந்த நிமிஷத்தைக் காட்டும். ரத்தம் மெதுவா கசியுற குழந்தைக்கு முதல் மணி நேரத்துல எடுத்த ஸ்கேன்ல பெருசா எதுவும் தெரியாம கூடப் போகலாம்.

யோசிச்சுப் பாருங்க, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பிச்சது 1950-ல். உலகத்துலயே முதல் நோயாளிக்கு சிடி எடுத்தது 1971-ல், லண்டன்ல. நடுவுல இருக்கிற இருபது வருஷத்துக்கும் மேல தலைக்காயத்தை எப்படிப் பாத்திருப்பாங்க? எக்ஸ்ரே, ரத்தக் குழாய்ப் படம்னு சில வழி இருந்தது. மத்தபடி டார்ச்சும் நர்ஸும்தான்.

ஒரு பையனைப் பத்தி சொல்றேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன். ஏழு வயசு. அப்பாவோட ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து போயிருக்கான், ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போட்டுடுச்சு. காதுக்கு மேல அடி. அங்கயே சில நொடி பேச்சில்லாம கிடந்திருக்கான், அப்புறம் எழுந்து அழுதிருக்கான். எங்ககிட்ட வரும்போது ஜம்முனு இருந்தான். கிளாஸ்கோ 15. எனக்கு விடுகதை போட்டான். நடுக் கூட்டம்தான், ஆறு மணி நேரம் வெச்சுப் பாக்கலாம்னு முடிவெடுத்தோம்.

மூணு மணி நேரம் ஆச்சு. கேன்டீன்ல இருந்து இட்லி வாங்கிக் கொடுத்தாங்க, சாப்பிட்டான். அப்பாவுக்கு மறுநாள் காலையில ஷிஃப்ட். "நல்லாத்தானே இருக்கான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுக் கிளம்புறோம்"னு கேட்டார். அன்னிக்கு டூட்டியில இருந்த சிஸ்டர் இருபத்தஞ்சு வருஷ அனுபவம் உள்ளவங்க. அவங்க சத்தம் போடல, பயமுறுத்தல. "தம்பி, பையன் நல்லா இருக்கான்னுதான் நானும் சொல்றேன். விடியுற வரைக்கும் நல்லாவே இருக்கானான்னு பாத்துட்டு அனுப்புறேன். நீங்க அந்தச் சேர்ல கொஞ்சம் கண்ணசருங்க, நான் முழிச்சுத்தான் இருக்கப்போறேன்"னாங்க. அவர் உட்கார்ந்தார்.

நாலரை மணி நேரத்துல பையன் தலையைப் பிடிச்சுட்டு அழுதான். இட்லி வெளிய வந்தது. அடுத்த செக்ல "பேர் என்ன?"ன்னு கேட்டதுக்குப் பதில் வர நேரமாச்சு. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டப்ப சொன்னது ரெண்டே வார்த்தை: "பையன் மாறிட்டான்." பத்து நிமிஷத்துல சிடி டேபிள்ல இருந்தான். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம், லென்ஸ் மாதிரி வடிவத்துல. காதுக்கு மேல எலும்புக்கு உள்பக்கம் ஒரு ரத்தக் குழாய் ஓடுது, அங்க எலும்பு விரிஞ்சா அது கிழியும். கிழிஞ்சாலும் உடனே தெரியாது. நடுவுல சில மணி நேரம் குழந்தை தெளிவாவே இருக்கும், விடுகதை எல்லாம் போடும். மூளை அறுவை சிகிச்சை டாக்டர் வந்து, எலும்பைத் திறந்து, ரத்தத்தை எடுத்து, குழாயை அடைச்சார். ஒரு வாரத்துல பையன் நடந்து வீட்டுக்குப் போனான்.

அந்த நேரம் அவன் வீட்டுல படுத்திருந்தா, "அசந்து தூங்குறான், எழுப்பாதீங்க"ன்னு விட்டிருப்பாங்க. நான் ஸ்கேன் மேல கோபக்காரன் இல்லைன்னு காட்டத்தான் இதைச் சொன்னேன். அவனுக்கு ஸ்கேன் வேணும்ங்கிற நிமிஷத்தைக் கண்டுபிடிச்சது அந்த சிஸ்டர்.

மோசமான காயத்தோட வர்ற குழந்தைகளுக்கு நடக்கிறது வேற கதை, சுருக்கமா சொல்றேன். மூளைக்கு ரெண்டு தடவை அடி விழுது. முதல் அடி தரையில பட்டப்ப, அதை யாராலும் திருப்ப முடியாது. ரெண்டாவது அடி அதுக்கப்புறம் வர்றது: ஆக்சிஜன் குறையுறது, ரத்த அழுத்தம் இறங்குறது, மூளை வீங்குறது. ஐசியுல நாங்க செய்ற அத்தனையும் இந்த ரெண்டாவது அடியைத் தடுக்கத்தான். மண்டை ஓடு மூடின பாத்திரம், குக்கருக்காவது விசில் இருக்கு, இதுக்கு அதுவும் இல்ல. (கைக்குழந்தைக்கு உச்சிக்குழி கொஞ்சம் இடம் கொடுக்கும், அதனாலதான் அது உப்பியிருக்கான்னு தொட்டுப் பாக்குறோம்.) தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி வைப்போம், கழுத்து திரும்பாம நேரா வைப்போம், மூச்சுக்குக் குழாய் போடுவோம், வீக்கம் குறைய அடர்த்தியான உப்புக் கரைசல் கொடுப்போம், வலிப்பு வராம பாத்துக்குவோம். "ஏன் டாக்டர் மயக்கத்துலயே வெச்சிருக்கீங்க, எழுப்புங்க"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. குழந்தை துடிச்சா, இருமினா தலைக்குள்ள அழுத்தம் ஏறும். அதனாலதான் அந்த மயக்கம்.

முன்னெல்லாம் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கிற பழக்கம் இருந்தது, இன்னும் சில பேர் "ஸ்டீராய்டு போட்டீங்களா?"ன்னு கேக்குறாங்க. பெரியவங்க 10,000 பேர்கிட்ட நடந்த கிராஷ்ங்கிற ஆய்வு, 2004-ல் வந்தது, ஸ்டீராய்டு கொடுத்தவங்கள்ல சாவு அதிகம்னு காட்டிடுச்சு. தலைக்காயத்துக்கு அதைக் கொடுக்கிறதில்ல.

இங்க உங்க வேலை ஒண்ணு இருக்கு. நினைவில்லாத குழந்தையை பைக்குல நடுவுல உட்கார வெச்சுத் தூக்கிட்டு ஓடி வராதீங்க. கழுத்து தொங்கும், மூச்சுப் பாதை அடைக்கும். 108 கூப்பிடுங்க. சிடியும் மூளை அறுவை சிகிச்சையும் ஒரே இடத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போறது, பக்கத்துல இருக்கிற கிளினிக்குல ஒரு மணி நேரத்தை விட்டுட்டுப் போறதை விட நல்லது. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள சாலை விபத்துன்னா, "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்துல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் அரசே பாத்துக்கும், எந்த ஊர்க்காரரா இருந்தாலும். அட்வான்ஸ் கட்டலைன்னு யாராவது இழுத்தா இந்தப் பேரைச் சொல்லுங்க. மொட்டை மாடியில இருந்து விழுந்ததுக்கு இது வராது, சாலை விபத்துக்கு மட்டும்தான்.

அடுத்து, வீட்டுல சொல்ற விஷயங்கள். "தூங்க விடாதீங்க, தூங்கினா கோமாவுக்குப் போயிடும்!" ராத்திரி பத்து மணிக்கு அழுது களைச்ச ரெண்டு வயசுக் குழந்தை தூங்கத்தான் செய்யும். டாக்டர் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பினா தூங்க விடுங்க. எழுப்பினா எழுந்திருக்கணும், சிணுங்கணும், உங்களை அடையாளம் தெரியணும், அவ்வளவுதான். டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடியே, வழக்கமான தூக்க நேரமும் இல்லாம, எழுப்ப எழுப்ப சொக்கினா அது வேற, உடனே வாங்க.

"ரத்தம் வெளிய வந்துட்டா நல்லது, உள்ள கட்டினாத்தான் ஆபத்து." வெளிய வர்ற ரத்தம் தோல்ல இருந்து வர்றது. அதுக்கும் உள்ள நடக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டும் சேர்ந்தே நடக்கலாம். கைக்குழந்தையோட உடம்புல மொத்த ரத்தமே கொஞ்சம்தான், தலைத்தோல் காயம் ஒண்ணே போதும் அதை ஆபத்துல தள்ள. சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. காபித்தூள் வேண்டாம். மஞ்சளும் வேண்டாம். தையல் போடுறதுக்கு முன்னாடி அந்தக் காபித்தூளை ஒவ்வொரு துகளா கழுவி எடுக்குறது எங்களுக்கு வேலை, குழந்தைக்கு வலி.

"வாந்தி எடுத்துட்டான், அப்ப உள்ள அடிதான்." குழந்தைகள் அழுதே வாந்தி எடுக்கும். விழுந்த கொஞ்ச நேரத்துல ஒரு தடவை எடுத்து, மத்தபடி எல்லாம் சரின்னா பெரும்பாலும் பயமில்ல. திரும்பத் திரும்ப எடுத்தா, கூடவே தலைவலியோ மந்தமோ இருந்தா பயப்படணும்.

வீட்டுக்குப் போறப்ப ஒரு சீட்டு கொடுப்போம். அதை மாத்திரைக் கவர்ல சுருட்டி வைக்காதீங்க, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுங்க. எழுப்ப முடியலை, வாந்தி நிக்கலை, தலைவலி ஏறிட்டே போகுது, வலிப்பு, நடை தடுமாறுது, ஒரு பக்கம் கை கால் பலமில்ல, பேச்சு குழறுது, காது மூக்குல தண்ணி வடியுது, அப்புறம் அந்த அம்மா வாக்கியம், "வழக்கம்போல இல்ல". இதுல ஒண்ணு வந்தாலும் நேரம் பாக்காம திரும்ப வாங்க. "நேத்துதானே பாத்தோம், இப்ப போனா திட்டுவாங்களோ"ன்னு தயங்குற பெத்தவங்க உண்டு. யாரும் திட்டினா அது அவங்க தப்பு. முதல் ரெண்டு நாள் கண்ணு மேலயே இருக்கட்டும். வலிக்கு எடைக்கு ஏத்த அளவுல பாரசிட்டமால், அது போதும்.

அடிபட்ட பிறகு சில வாரம் தலைவலி, எரிச்சல், படிப்புல கவனம் நிக்காம போறது இருக்கலாம். ஸ்கேன் சுத்தமா இருந்தாலும் வரும், அதை நடிப்புன்னு சொல்லாதீங்க. இருட்டு ரூம்ல வாரக்கணக்கா படுக்க வைக்கிற பழக்கத்தை இப்ப விட்டாச்சு. ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவா ஸ்கூல், கடைசியா விளையாட்டு. ஃபுட்பால், சைக்கிள், ஸ்கேட்டிங் எல்லாம் டாக்டர் சரின்னு சொன்ன பிறகு. உங்க வயசுக்காரங்களுக்கும் ஒரு தகவல்: 12-ல இருந்து 25 வயசு வரைக்கும் 125 பேர்கிட்ட நடந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2021-ல் வந்தது. முதல் 48 மணி நேரம் போன், டிவி, லேப்டாப்பைத் தவிர்க்கச் சொன்னவங்க பாதிப் பேர் மூணரை நாளுக்குள்ள சரியாயிட்டாங்க. தாராளமா பாக்க விட்டவங்களுக்கு அது எட்டு நாள். அடிபட்ட தம்பியைச் சமாதானப்படுத்தறேன்னு போனைக் கையில கொடுக்கிற மாமாக்கள் கவனிக்கவும்.

தடுக்கிறதைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம், இன்னிக்கு ரெண்டே விஷயம். ஒண்ணு, வாக்கர். நடை பழகன்னு வாங்கிக் கொடுக்கிற சக்கர வண்டி. நடை பழக அது உதவுறதில்ல, படிக்கட்டுப் பக்கம் வேகமா உருளத்தான் உதவுது. கனடாவுல 2004-ல் இருந்து அதை விக்கவே தடை. சீமந்தத்துக்கும் பேர் வைக்கிற விசேஷத்துக்கும் கிஃப்ட் வாங்குறவங்க நீங்கதான், அதனால சொல்றேன். ரெண்டு, ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்கிற குழந்தை. நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் ஹெல்மெட், வண்டி ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல போகாத வேகம்னு 2022 பிப்ரவரியில மத்திய அரசு விதி போட்டிருக்கு. அப்பா தலையில ஹெல்மெட், முன்னாடி நிக்கிற குழந்தை தலையில கர்ச்சீஃப். சென்னையில எந்த சிக்னல்ல நின்னாலும் பாக்கலாம்.

கடைசியா, டாக்டர்கிட்ட என்ன கேக்கலாம்னு சில பேர் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தாங்க. "ஸ்கேன் எடுக்கலையா?"ங்கிறதுக்குப் பதிலா இப்படிக் கேளுங்க: "இவனுக்கு ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா? எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க? எத்தனை மணி வரைக்கும் பாக்கப்போறீங்க? எது மாறினா ஸ்கேன் எடுப்பீங்க?" நல்ல டாக்டர் இதுக்கு எரிச்சல் படமாட்டார், விவரமா பதில் சொல்வார். ஸ்கேன் எடுத்திருந்தா ரிப்போர்ட்டோட படம் இருக்கிற சிடியையும் கேட்டு வாங்கிக்கோங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா, அதே குழந்தைக்கு அதே ஸ்கேனை மறுபடியும் எடுக்காம இருக்க அது உதவும்.

அடுத்த வாரம் இதே இடத்துல, குழந்தைகளுக்குக் காய்ச்சல்ல வர்ற வலிப்பு.